மாவுக்கட்டும் ஒரு தாலிச் செயினும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஒவ்வொரு தடவையும் பாதியிலயே விட்ட விஷயம் இது. படிச்சிட்டு நாலு பேராவது "உனக்கு எதுக்குய்யா இந்த வேலை, திருடனுக்கு வக்காலத்தா?"ன்னு கேப்பீங்க. பரவாயில்லை, கேளுங்க. இத்தனை நாளா நானே என்கிட்ட கேட்டுக்கிட்டதுதான்.

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடை. வாட்ஸப்ல வந்த படத்தை ஒருத்தர் எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தார். செயின் அறுத்த பையன், ஒரு கையில மாவுக்கட்டு, ரெண்டு பக்கமும் போலீஸ். "வழுக்கி விழுந்துட்டானாம்!"னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. டீக்கடையே சிரிச்சது. மாஸ்டர் கூட பாய்லரை விட்டுட்டு எட்டிப் பார்த்தார். எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம்தான் அத்தை ஞாபகம் வந்தது.

அத்தை கதையைச் சொல்லாம இந்தப் பதிவை எழுத முடியாது. அதனால அதையே முதல்ல சொல்லிடறேன்.

2011 மார்கழி. ஸ்ரீரங்கத்துல மார்கழி எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலரை மணிக்கே வீதியில ஆள் நடமாட்டம், வாசலுக்கு வாசல் கோலம். அத்தைக்கு அப்போ 61 வயசு. வாசல்ல குனிஞ்சு புள்ளி வெச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஸ்கூட்டி மாதிரி ஒரு வண்டியில ரெண்டு பசங்க. "பாட்டி, வடக்கு வாசலுக்கு எப்படிப் போகணும்?"னு கேட்டிருக்கான் ஒருத்தன். அத்தை நிமிர்ந்து கையை நீட்டி வழி சொல்ல ஆரம்பிச்சதும் கழுத்துல கை. அஞ்சு பவுன் தாலிச் செயின். லேசுல அறுந்து வரலை, அத்தையை ரெண்டடி இழுத்துட்டுப் போயிருக்கான். தாடை வாசப்படியில அடிச்சு மூணு தையல். கழுத்தைச் சுத்தி சிவப்பா ஒரு கோடு, அது மறைய ஒரு மாசம் ஆச்சு.

செயின் பறிப்பை "சில்லறைத் திருட்டு"ன்னு சொல்றவங்க அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை. இது பிக்பாக்கெட் இல்லை. ஒரு நொடி தப்பினா உயிரே போயிருக்கும். அதுக்கப்புறம் அத்தை வாசல்ல தனியா கோலம் போட்டதே இல்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே கை கழுத்துக்குப் போகும். தங்கம் போனதைக் காட்டிலும் அவங்க வாசல் அவங்களுக்கு இல்லாமப் போனதுதான் பெரிய நஷ்டம்.

எனக்கு அப்போ இருந்த கோபத்துக்கு, அவன் கையில கிடைச்சிருந்தா நானே ஒடிச்சிருப்பேன். இதை மறைச்சுட்டு இன்னிக்கு நியாயம் பேச வரலை.

பத்து நாள் கழிச்சு ஸ்டேஷன்ல இருந்து போன். எந்த ஸ்டேஷன்னு வேண்டாம். அத்தையைக் கூட்டிக்கிட்டு நான்தான் போனேன். பெஞ்சுல ஒரு பையன், இருபது வயசு இருக்கும். வலது கையில மாவுக்கட்டு. "பாத்ரூம்ல வழுக்கிட்டான் சார்"னு சொல்லி ஒருத்தர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். "இவனாம்மா பாருங்க"ன்னாங்க.

அத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இருட்டா இருந்துச்சேப்பா, தலையில என்னமோ மாட்டியிருந்தானே, சரியாத் தெரியலையே"ன்னு என்கிட்ட மெதுவா சொன்னாங்க. நான் சொன்னேன்: "அத்தை, போலீஸ்காரங்க சும்மாவா பிடிப்பாங்க? ஆமான்னு சொல்லுங்க, செயின் கிடைக்கும்." அத்தை தலையை ஆட்டினாங்க. அந்தப் பையன் அத்தையைப் பார்க்கலை, என்னைப் பார்த்தான்.

அஞ்சு மாசம் கழிச்சு வேற மாவட்டத்துல ஒரு கோஷ்டி பிடிபட்டது. அவங்க சொன்ன லிஸ்ட்ல எங்க வீதியும் இருந்தது. ஒரு அடகுக்கடையில இருந்து கொஞ்சம் நகை எடுத்தாங்க. செயினை உருக்கியாச்சு. தாலியை மட்டும் உருக்க பயந்துக்கிட்டு கடைக்காரர் அப்படியே வெச்சிருந்தார். எங்க குடும்பத் தாலி, பார்த்ததும் அத்தைக்கு அடையாளம் தெரிஞ்சுடுச்சு. கோர்ட் மூலமா கைக்கு வந்தது. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்ட கையோட அத்தை கேட்ட முதல் கேள்வி: "அப்ப அந்தப் பையன் கை?"

நான் ஸ்டேஷன்ல விசாரிச்சேன். "அவன் மேல வேற கேஸும் இருக்கு சார், விடுங்க"ன்னாங்க. விட்டுட்டேன். அத்தை விடலை. 2019-ல அவங்க போற வரைக்கும் மார்கழிக்கு மார்கழி கேப்பாங்க, "அந்தப் பையனைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"ன்னு.

இது என் வீட்டுக் கதை. இனி ஊர்க் கதை.

2018 மார்ச் 7. நம்ம திருச்சிக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. துவாக்குடி பக்கம் வாகனச் சோதனை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில வந்தாங்க. அவர் ஹெல்மெட் போடலை, வண்டியையும் நிறுத்தலை. ஒரு போக்குவரத்து ஆய்வாளர் துரத்திக்கிட்டுப் போய், பெல் கணேசா ரவுண்டானா பக்கத்துல ஓடுற வண்டியை எட்டி உதைச்சார்னு புகார். பின்னாடி உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கீழே விழுந்து செத்துப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி ஆயிரக்கணக்கான ஜனங்க திருச்சி - தஞ்சாவூர் ரோட்டுல உட்கார்ந்துட்டாங்க. தடியடி நடந்தது. ஆய்வாளர் கைதானார். தமிழ்நாடு பூரா கொதிச்சது.

அடுத்து 2025 மார்ச் 25, சென்னை. காலையில திருவான்மியூர்ல ஆரம்பிச்சு கிண்டி, சைதாப்பேட்டைன்னு ஒரு மணி நேர அளவுல வரிசையா செயின் பறிப்பு. கேமரா காட்சிகளை வெச்சு ஆளைத் தேடி, ஊரை விட்டுப் பறக்க இருந்தவங்களை ஏர்போர்ட்லயே மடக்கிட்டாங்க. மனசார சொல்றேன், அருமையான வேலை. ஒரு குண்டு கூட சுடலை. ஆனா மறுநாள் விடியறதுக்குள்ள, பிடிபட்டவங்கள்ல ஒருத்தர் தரமணியில சுட்டுக் கொல்லப்பட்டார். நகையை மீட்கக் கூட்டிட்டுப் போனப்போ அவர் துப்பாக்கியால சுட்டார், திருப்பிச் சுட்டோம்னு போலீஸ் சொன்னது. வாட்ஸப்ல ஒரே கைதட்டல். எங்க குரூப்ல மட்டும் ஒரு நாள்ல நூறு கட்டை விரலாவது இருக்கும்.

2018-ல ரோட்டுல உட்கார்ந்த ஜனமும் 2025-ல கைதட்டின ஜனமும் வேற வேற ஆளுங்களா? இல்லீங்க. ரெண்டும் நாமதான். எங்க பெரியப்பா பையன் அன்னிக்கு ராத்திரி பெல் பக்கம் மறியல்ல இருந்தான். இன்னிக்கு மாவுக்கட்டுப் படத்தை எனக்கு அனுப்புறவனும் அவன்தான். கேட்டா, "அது வேற, இது வேற. அது குடும்பம், இவன் திருடன்"ங்கிறான்.

அவன் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியிலதான் சிக்கல். வண்டியில போறவன் திருடனா குடும்பஸ்தனான்னு உதைக்கிற நொடியில முடிவு பண்றது யாரு? உதைக்கிற ஆள்தான். அந்த அதிகாரத்தை நாம ஒரு தடவை கைதட்டிக் குடுத்துட்டா, அடுத்த தடவை நம்ம வீட்டு வண்டி வரும்போது திரும்ப வாங்கிக்க முடியாது.

"வெளிநாட்டுல எல்லாம் வண்டியிலயே முட்டித் தள்றாங்களே"ன்னு சிலர் கேப்பீங்க. ஆமா, தள்றாங்க. லண்டன்ல மொபெட்ல வந்து போன் பறிக்கிற கும்பல் பெருத்துப் போச்சு. ஹெல்மெட்டைக் கழட்டி எறிஞ்சா போலீஸ் துரத்தாதுன்னு ஒரு நம்பிக்கை வேற அவங்களுக்கு. 2018 நவம்பர்ல லண்டன் மாநகரப் போலீஸ், தப்பி ஓடுற மொபெட்டைத் தங்க காரால முட்டி விழுத்தாட்டுற வீடியோவை வெளியிட்டாங்க. அந்த வருஷம் அந்த வகைக் குற்றம் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சதுன்னும் சொன்னாங்க. அங்கேயும் ஊர் ரெண்டாச்சு. போலீஸ் சட்டத்துக்கு மேலானவங்க இல்லைன்னு எதிர்க்கட்சியில இருந்து குரல் வந்தது, பிரதமர் தெரசா மே போலீஸ் பக்கம் நின்னார்.

ஆனா ஒரு வித்தியாசத்தை கவனிங்க. அங்க முட்டித் தள்றதுக்குன்னே பயிற்சி எடுத்த டிரைவர்கள்தான் அதைச் செய்யணும். யாருக்காவது பலத்த அடி பட்டா தனி அமைப்பு விசாரிக்கும். முக்கியமா, அது ஓடுறவனை நிறுத்தற வரைக்கும்தான். நிறுத்தி விலங்கு மாட்டின பிறகு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் கையை ஒடிக்கிறதை யாரும் வீடியோ போட்டுக் காட்டலை. நம்ம ஊர்ல நடக்கிறது ரெண்டு விதம். பயிற்சியும் விதியும் இல்லாம கோபத்துல உதைக்கிறது ஒண்ணு. பிடிச்ச பிறகு அடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் "லண்டன்ல செய்யலையா"ன்னு நியாயப்படுத்த முடியாது.

என் கட்சி இவ்வளவுதான். பிடிக்கிற வரைக்கும் காட்டுற பலம் வேற, பிடிச்ச பிறகு காட்டுற பலம் வேற. முதலாவது போலீஸ் வேலை. கத்தியைக் காட்டுறவனை லத்தியால அடிச்சு மடக்கினா நான் கேள்வி கேக்க மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா துப்பாக்கி எடுக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. ரெண்டாவது தண்டனை. அதைக் குடுக்கிற அதிகாரம் போலீஸுக்கு இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 43-வது பிரிவு, எதிர்க்கிறவனைக் கைது செய்யத் தேவையான எல்லா வழியையும் போலீஸ் பயன்படுத்தலாம்னு சொல்லுது. ஆனா மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு இல்லாதவனைக் கைது செய்யறேன்னு கொல்ற உரிமை கிடையாதுன்னும் அதே பிரிவு சொல்லுது. இது பழைய சட்டத்துலயும் இருந்ததுதான். பறிப்புக்குன்னே புது நியாய சன்ஹிதாவுல 304-வது பிரிவு வந்திருக்கு, அதிகபட்சம் மூணு வருஷம். கொள்ளைன்னு ஆனா பத்து வருஷம் வரைக்கும் போகும். மூணு வருஷம் பத்தாதுன்னு நினைச்சா, ஏத்தணும்னு கேளுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். அதை விட்டுட்டு எலும்புல கணக்குத் தீர்க்கக் கூடாது.

சரி, ஜனங்க ஏன் கைதட்டுறாங்க? கெட்டவங்கங்கறதாலயா? இல்லை. எனக்குத் தெரிஞ்சு அலுத்துப் போனதால. புகார் குடுத்தா அலைச்சல். கேஸ் எப்போ நடக்கும்னு தெரியாது. பிடிபட்டவன் ஜாமீன்ல வந்து அதே வீதியில திரியறான். சாட்சி சொல்லக் கூப்பிட்டா நமக்குப் பயம், போறதில்லை. கடைசியில "ரெண்டு போட்டாத்தான் சரிவருவான்"ங்கிற இடத்துக்கு வந்து நிக்கறோம். போலீஸ்காரங்களுக்கும் இதே அலுப்புதான். ராத்திரி பகல் பார்க்காம தேடிப் பிடிச்சவன் ஒரு மாசத்துல வெளியில வந்து சிரிச்சா அவங்களுக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். சினிமாவும் சேர்ந்துக்குது. 2003-ல சாமியும் காக்க காக்கவும் வந்தப்போ தியேட்டர்ல விசில் அடிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். 2016-ல விசாரணை பார்த்துட்டு வெளியே வந்தப்போ அத்தை கேட்ட கேள்விதான் காதுல இருந்தது.

நம்ம பக்கமே பாருங்க. 2023 நவம்பர்ல சிறுகனூர் பக்கம் சனமங்கலம் காட்டுல ஒரு ரவுடி சுடப்பட்டார். 2024 ஜூலையில திருச்சி ரவுடி ஒருத்தர் புதுக்கோட்டை வம்பன் காட்டுல. ரெண்டு தடவையும் டீக்கடையில "ஒரு தொல்லை ஒழிஞ்சது"தான். அந்த ஆளுங்க நல்லவங்கன்னு நான் சொல்ல வரலை. உச்ச நீதிமன்றம் 2014-ல என்கவுன்டர் சாவுகளுக்குன்னே 16 விதிமுறை போட்டிருக்கு. வழக்குப் பதியணும், சி.ஐ.டி. அல்லது வேற ஸ்டேஷன் போலீஸ் விசாரிக்கணும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கணும்னு. அதெல்லாம் நடந்ததா, முடிவு என்னன்னு நம்மள்ல ஒருத்தராவது தேடிப் பார்த்தோமா? நான் பார்க்கலை. கைதட்டிட்டு அடுத்த செய்திக்குப் போயிட்டேன்.

ஹைதராபாத்ல 2019 டிசம்பர்ல நாலு பேரை சுட்டப்போ போலீஸ் மேல பூ தூவினாங்க. உச்ச நீதிமன்றம் அமைச்ச சிர்புர்கர் ஆணையம் 2022-ல, போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, சம்பந்தப்பட்ட பத்து போலீஸ்காரங்க மேல கொலை வழக்கு நடத்தணும்னு அறிக்கை குடுத்தது. பூ தூவினவங்க அதைப் படிச்சிருப்பாங்களா?

இன்னும் கிட்டத்துல, 2025 ஜூன். திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி. 27 வயசுப் பையன். கார்ல வெச்சிருந்த நகை காணோம்னு ஒரு புகார், அவ்வளவுதான். விசாரிக்கக் கூட்டிட்டுப் போன தனிப்படை அடிச்சதுல செத்தே போயிட்டான். கைது நடந்தது, கேஸ் சி.பி.ஐ.க்குப் போச்சு, முதலமைச்சர் அந்தத் தாய்கிட்ட போன்ல மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையனை மட்டும் சாகாம கையில மாவுக்கட்டோட போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா நாம என்ன பண்ணியிருப்போம்? "நகை திருடன், வழுக்கி விழுந்துட்டான்"னு சிரிச்சிருப்போம். நம்ம சிரிப்புக்கும் அந்தச் சாவுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரெண்டு மூணு அடிதான்.

அதே 2025-ல சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது, ஸ்டேஷன் பாத்ரூம் கைதிங்களுக்கு மட்டும்தான் வழுக்குமா, போலீஸ்காரங்களுக்கு வழுக்காதான்னு. நாம ஜோக்கா சொல்றதை நீதிபதிகள் கேள்வியாக் கேட்டாங்க.

"அப்ப திருட்டை எப்படித்தான் தடுக்கிறது?" நியாயமான கேள்வி. பதிலும் நம்ம ஊர்லயே இருக்கு. 2019 அக்டோபர் 2, இதே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லலிதா ஜுவல்லரியில சுவத்துல ஓட்டை போட்டு, முகமூடி மாட்டிக்கிட்டு வந்து, சுமார் 13 கோடி ரூபா நகையை அள்ளிட்டுப் போனாங்க. திருச்சி பார்த்த பெரிய கொள்ளை. முதல்ல எப்படித் துப்பு கிடைச்சது? யார் கையையும் ஒடிச்சு இல்லை. மறுநாள் ராத்திரி திருவாரூர்ல வழக்கமான வாகனச் சோதனை. டூவீலர்ல வந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் ஓடிட்டான், ஒருத்தன் மாட்டினான். பையில நகை. அதுல இருந்த பார்கோடு கடையோட பார்கோடு. சில நாள்ல கோஷ்டித் தலைவனே பெங்களூரு கோர்ட்டுல சரணடைஞ்சான். ராத்திரி கண் முழிச்சு பையைத் திறந்து பார்த்த அந்தப் போலீஸ்காரங்களுக்குத்தான் நாம பூ தூவியிருக்கணும். ஆனா வாகனச் சோதனைன்னா நமக்குப் போர், முனகிக்கிட்டே வண்டியை ஓரம் கட்டுவோம்.

இன்னொண்ணு. அறுத்த செயினை யாரோ வாங்கினாத்தானே அறுக்கிறவனுக்குப் பொழைப்பு? பவுன் இன்னிக்கு விக்கிற விலையில, பில் இல்லாம வர்ற தாலிச் செயினைக் கேள்வி கேக்காம உருக்குறவருக்கும் இதுல பங்கு இருக்கு. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினா அதுவும் மூணு வருஷக் குற்றம்தான். இதுவரைக்கும் ஒரு அடகுக்கடைக்காரர் கையில மாவுக்கட்டு போட்டு யாராவது போட்டோ பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. பாத்ரூம் வழுக்குறது இருபது வயசுப் பசங்களுக்கு மட்டும்தான் போல.

ஸ்டேஷன்ல எல்லாம் கேமரா வைக்கணும், சத்தமும் பதிவாகணும்னு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. வீதிக்கு வீதி கேமரா வைக்க நாம காசு போடறோம், நல்ல காரியம். அது மாதிரியே ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கேமரா ஓடுதான்னும் நாம கேக்கணும். திருடனுக்காக வேண்டாம், நம்ம வீட்டுப் பையன் ஒரு நாள் தப்பான நேரத்துல தப்பான வீதியில நின்னுட்டான்னா, அவனுக்காக.

அந்த மாவுக்கட்டுப் பையனை அதுக்கப்புறம் நான் பார்க்கலை. பேர் கூட சரியா ஞாபகம் இல்லை. வலது கை. என்ன வேலைக்குப் போயிருப்பான், கை சரியாக் கூடுச்சா, தெரியாது. உண்மையிலேயே அவன் மேல வேற கேஸ் இருந்திருக்கலாம். ஆனா எங்க அத்தை செயினை அவன் அறுக்கலை. அவன் கையை ஒடிச்சது யாரோ. ஒடிச்சது சரிதான்னு முத்திரை குத்தினது நான்.

டீக்கடையில அன்னிக்கு சிரிச்சு முடிச்சதும் பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டேன், "இவன்தான் அறுத்தான்னு எப்படிங்க தெரியும்?"

"போலீஸ்காரங்க சும்மாவா பிடிப்பாங்க?"ன்னார்.

டீக்குக் காசு குடுத்துட்டு வந்துட்டேன். பதினாலு வருஷம் முன்னாடி நான் சொன்ன அதே வார்த்தை.